எண்ணிக்கையும் நீதியும்: பன்னாட்டுச் சட்ட ஆய்வில் கள நெறிமுறையின் இடம்

பன்னாட்டுச் சட்டம் என்பது நாடுகள் தம்முள் ஒழுக வேண்டிய நெறிகளின் தொகுப்பாகும். உள்நாட்டுச் சட்டத்தின் பின்னே காவலரும் நீதிமன்றமும் சிறைச்சாலையும் நிற்கின்றன. பன்னாட்டுச் சட்டத்தின் பின்னே நிற்பவை பெரும்பாலும் நாடுகளின் ஒப்புதலும் உலகத்தாரின் பழிச்சொல்லுமே. இதனால்தானோ என்னவோ, இத்துறை அறிஞர்கள் ‘நெறி யாது?’ என்னும் வினாவுக்கு விடை காண்பதிலேயே நெடுங்காலம் உழைத்தனர். உடன்படிக்கையின் வாசகத்தை ஆராய்தல், தீர்ப்புகளை ஒப்பிடுதல், முன்னோர் கருத்தைத் தொகுத்தல் ஆகியன அவர்தம் பணிகளாயின. ‘அந்நெறி நடைமுறையில் பின்பற்றப்பட்டதா? பின்பற்றியதாலோ மீறியதாலோ யாருக்கு என்ன நேர்ந்தது?’ என்னும் வினாக்கள் இதழாளர்க்கும் மேடைப் பேச்சாளர்க்கும் விடப்பட்டன. இந்நிலை கடந்த முப்பது ஆண்டுகளில் மாறியிருக்கிறது. கிரிகரி ஷாஃபர், டாம் கின்ஸ்பர்க் என்னும் இருவர் 2012-இல் அமெரிக்கப் பன்னாட்டுச் சட்ட இதழில் எழுதிய கட்டுரை, இத்துறை பட்டறிவுவழி ஆய்வின் பக்கம் திரும்பியிருப்பதை விரிவாக எடுத்துக்காட்டியது. எண்ணுதல், நேரிற் கேட்டல், ஒப்பிடுதல், ஆவணங்களைத் துருவுதல் ஆகிய வழிகளால் நடந்ததை நடந்தவாறே அறிய முயல்வதைப் பட்டறிவுவழி ஆய்வு என்று ஈண்டுக் குறிக்கிறோம்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எற்றுக்கு என்று சிலர் வினவக்கூடும். ஆய்வியல் நெறிமுறைகள் என்னும் தாளை நம் எம்.ஃபில். மாணவர்கள், அப்பட்டம் நிறுத்தப்படும் வரை, பல்லாண்டு பயின்றனர். கருதுகோள், தரவு, முதன்மைச் சான்று, துணைமைச் சான்று, வினாநிரல், தகவலாளி ஆகிய சொற்கள் அத்தாளின் வழியே நம்மிடம் வேரூன்றியவை. நாட்டார் வழக்காறு தேடி ஊர் ஊராகச் சென்ற மாணவர்க்கு ஓர் உண்மை விளங்கியிருக்கும். கேட்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்பதைத் தகவலாளி விரைவில் உணர்ந்துகொள்கிறார். விடையும் அதற்கேற்ப வளைந்துவிடுகிறது. இது ஒரு தாலாட்டின் பாடவேறுபாட்டோடு முடிந்துபோனால் இழப்புச் சிறிது. போரையும் பட்டினியையும் பற்றிய வினாவுக்குக் கிடைத்த விடை வளைந்துபோனால் இழப்புப் பெரிது. அப்பெரிய இழப்பு ஒன்று நம் காலத்திலேயே நேர்ந்தது. அதைப் பேசுவதற்கே இக்கட்டுரை.

வழக்காறும் ஒரு செய்தியே

பன்னாட்டுச் சட்டத்தின் ஊற்றுக்கண்களுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, எழுதி ஒப்பமிட்ட உடன்படிக்கை. மற்றொன்று, வழக்காறு. நாடுகள் பரவலாக ஒரே வகையில் ஒழுகி, அவ்வாறு ஒழுகுவது தம் கடமை என்றும் கருதுமாயின் அது வழக்காற்றுச் சட்டமாகிறது. எனவே, ‘இது வழக்காற்றுச் சட்டம்’ என்று ஒருவர் சொல்லும்போது உலக நடப்பைப் பற்றி ஒரு செய்தியையே சொல்கிறார். செய்தியாயின் அது மெய்யா பொய்யா என்று சோதிக்கத்தக்கது.

1898-இல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் மூண்ட போரில், கியூபாவின் மீன்பிடிப் படகுகள் இரண்டை அமெரிக்கக் கடற்படை பிடித்தது. படகுகள் ஏலத்தில் விற்கப்பட்டன. ‘பாக்கெட் ஹவானா’ என்னும் படகின் பெயரால் வழங்கும் அவ்வழக்கில் 1900-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஹொரேஸ் கிரே, இங்கிலாந்து மன்னர் நான்காம் ஹென்றி 1403-இல் பிறப்பித்த ஆணையிலிருந்து தொடங்கி, ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு நடைமுறையை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். கரையோரம் மீன்பிடித்துப் பிழைக்கும் எளியவரின் படகைப் போர்க்காலத்திலும் பிடிக்கலாகாது என்பது நாடுகளின் வழக்காறு என்று அதன்பின்னரே முடிவுரைத்தார். போற்றத்தக்க உழைப்பு அது. ஆயினும் அவர் எடுத்துக்காட்டிய சான்றுகள் மிகப் பெரும்பாலும் ஐரோப்பாவினுடையவை. ஆசியாவிலிருந்து ஜப்பான் 1894-இல் வெளியிட்ட ஆணை இடம்பெற்றது. அரபிக் கடலிலும் வங்கக் கடலிலும் மரக்கலம் செலுத்தியவர்கள் என்ன வழக்கம் கொண்டிருந்தனர் என்று அந்நீதிமன்றம் கேட்கவில்லை. தேடிய இடத்தில் மட்டுமே சான்று கிடைக்கும் என்பதை ஆய்வு மாணவர் இத்தீர்ப்பிலிருந்தே கற்கலாம்.

செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழு பத்தாண்டளவு உழைத்து, போர்க்கால மனிதநேயச் சட்டத்தின் வழக்காற்று விதிகள் 161-ஐ 2005-இல் தொகுத்து வெளியிட்டது. மறு ஆண்டே அமெரிக்க அரசு மறுப்பு எழுதியது. படைக் கையேடுகளில் எழுதியிருப்பதை நம்பியிருக்கிறீர்கள், களத்தில் படைகள் நடந்துகொண்டதைப் போதிய அளவு காட்டவில்லை என்பது அம்மறுப்பின் ஒரு கூறு. மறுத்தவரின் நோக்கம் எதுவாயினும் மறுப்பில் ஆய்வு நெறி சார்ந்த ஒரு கேள்வி இருக்கத்தான் செய்தது. பன்னாட்டு நீதிமன்றமே வழக்காற்றைப் பல வேளைகளில் ஆராய்ந்து நிறுவாமல் வெறுமனே கூறிச் செல்கிறது என்று ஜெர்மானிய அறிஞர் ஸ்டெஃபான் தால்மோன் 2015-இல் எழுதினார். அந்நீதிமன்றத்து நீதிபதிகளின் வாக்குகளை எரிக் போஸ்னர், மிகுவேல் டி ஃபிகெய்ரெடோ ஆகியோர் 2005-இல் எண்ணிப் பார்த்தபோது, தம் சொந்த நாடு வழக்காடும்போது நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் அவர்கள் அதற்கே வாக்களித்திருப்பது தெரிந்தது. எண்ணிப் பார்த்தவர்க்கு மட்டுமே தெரியும் செய்தி இது.

கையொப்பமும் ஒழுக்கமும்

உடன்படிக்கைகளைப் பற்றிய ஆய்வில் 2002-ஆம் ஆண்டு ஒரு திருப்பம். ஊனா ஹாத்தவே என்னும் அறிஞர் 166 நாடுகளின் ஏறத்தாழ நாற்பதாண்டுத் தரவுகளைத் தொகுத்து, மனித உரிமை உடன்படிக்கைகளில் சேர்ந்த நாடுகள் சேராதவற்றினும் நன்கு நடந்துகொண்டனவா என்று ஆராய்ந்தார். பல இடங்களில் அவ்வாறில்லை என்றும், சிலவற்றில் சேர்ந்தவையே மோசமாக நடந்துகொண்டதாகத் தோன்றுகிறது என்றும் அவர் கண்ட முடிவு சட்ட உலகை அதிரவைத்தது. ரையன் குட்மன், டெரெக் ஜிங்க்ஸ் ஆகிய இருவர் மறு ஆண்டே எதிருரைத்தனர். சித்திரவதை மறைவில் நடப்பது; உடன்படிக்கையில் சேர்ந்த நாட்டில் கதவு சற்றே திறப்பதால் உள்ளே நடப்பது வெளியே தெரிகிறது; தெரிவது மிகுந்ததா, நடப்பது மிகுந்ததா என்று எப்படிப் பிரித்தறிவது என்று அவர்கள் கேட்டனர். பெத் சிம்மன்ஸ் 2009-இல் எழுதிய நூல், மக்களாட்சிக்கு மாறிக்கொண்டிருக்கும் நாடுகளில் உடன்படிக்கைகள் உள்ளூர் மக்களின் கையில் ஆயுதமாகின்றன என்று காட்டியது. கிறிஸ்டோபர் ஃபாரிஸ் 2014-இல் மற்றொன்றைச் சுட்டினார்: கண்காணிப்போரின் அளவுகோலே ஆண்டுதோறும் கடுமையாகி வந்திருக்கிறது, ஆதலால் பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் அப்படியே ஒப்பிடலாகாது.

நம் அண்டையிலேயே இதற்குச் சான்று உண்டு. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இலங்கை 1994-இல் இணைந்தது. அதே ஆண்டில் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றியது. எனினும் 2007-இல் அங்குச் சென்ற ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் மான்ஃப்ரெட் நோவாக், சித்திரவதை பரவலாக நடைபெறுவதாகவே அறிக்கை அளித்தார். இந்தியா 1997-இல் கையொப்பமிட்டது, ஏற்புறுதி செய்யவில்லை. அதற்கான மசோதா 2010-இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் தேங்கி, 2014-இல் காலாவதியாயிற்று. 2017-இல் சட்ட ஆணையம் தன் 273-ஆம் அறிக்கையில் மீண்டும் பரிந்துரைத்தது. சேர்ந்த நாட்டையும் சேராத நாட்டையும் கையொப்பத்தைக் கொண்டு மட்டும் தரம் பிரிக்க முடியாது என்பது இவ்விரண்டையும் அறிந்த தமிழர்க்கு விளக்க வேண்டுவதன்று.

இராக்கின் குழந்தைகள்

இனிச் சொல்லப்போவது நம் சமுதாயத்தாருக்குக் கசப்பாக இருக்கலாம். ஆயினும் சொல்லியே ஆகவேண்டும்.

1990 ஆகஸ்டில் இராக் குவைத்தைக் கைப்பற்றியதும், ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 661-ஆம் தீர்மானத்தின் வழி இராக்கின் மீது முழுமையான பொருளாதாரத் தடை விதித்தது. போர் முடிந்த பின்னரும் தடை நீடித்தது. 2003 மே மாதத்தில் 1483-ஆம் தீர்மானமே அதை நீக்கியது. 1991-இன் குண்டுவீச்சில் மின்நிலையங்களும் நீர் சுத்திகரிப்பு நிலையங்களும் அழிந்திருந்தன. ஊதியம் மதிப்பிழந்தது. மருந்து கிடைப்பது அரிதாயிற்று. அரசு வழங்கிய பங்கீட்டு உணவே பெரும்பாலான குடும்பங்களைத் தாங்கியது. இவை எவராலும் மறுக்கப்படாதவை.

1995-இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனக் குழுவினர் பாக்தாதில் ஒரு கணக்கெடுப்பு நடத்தினர். அதன் அடிப்படையில், தடையினால் இறந்த குழந்தைகள் 5,67,000 என்னும் மதிப்பீடு லான்செட் மருத்துவ இதழ் வழியே உலகெங்கும் பரவியது. மறு ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி நேர்காணலில் ஐந்து இலட்சம் குழந்தைகள் இறந்தனரே, இந்த விலை தகுமா என்று கேட்கப்பட்டபோது, அந்நாட்டின் ஐ.நா. தூதர் மேடலின் ஆல்பிரைட் தகும் என்னும் பொருள்பட விடையளித்தார். அவ்விடையின் கொடுமையை எவ்வெண்ணும் குறைத்துவிடாது. ஐயாயிரம் என்று கேட்டிருந்தாலும் அவ்விடை கொடியதே. 1999-இல் யூனிசெஃப், இராக் அரசுடன் இணைந்து, ஏறத்தாழ 40,000 குடும்பங்களில் பெரியதொரு கணக்கெடுப்பை நடத்தியது. நடுவிலும் தெற்கிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு, ஆயிரம் பிறப்புக்கு 56-ஆக இருந்தது 131-ஆக உயர்ந்துவிட்டது என்று அது காட்டியது. ஆனால், பாக்தாதின் ஆட்சிக்குள் அடங்காத வடக்குக் குர்து மாவட்டங்களில், அதே தடையின் கீழ், 1990-களின் பிற்பகுதியில் அது 72-ஆகக் குறைந்திருந்தது. இம்முரண் அப்போதே பலர் கண்ணில் பட்டது. வடக்குக்கு உதவி மிகுதி என்றும் அங்கு நிருவாகம் நன்று என்றும் விளக்கங்கள் கூறப்பட்டன.

இங்கே முறையைச் சற்று விளக்குவோம். இவ்வகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு தாயிடமும் அவர் ஈன்ற ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் கேட்கப்படுகிறது. பிறந்த நாள் எது, இன்று உயிருடன் உள்ளதா, இல்லையெனில் எந்த வயதில் இறந்தது என்பன வினாக்கள். இதனால் ஒரு கணக்கெடுப்பே பின்னோக்கிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளின் நிலையைக் காட்ட வல்லதாகிறது. 2004-இலும் 2006-இலும் 2011-இலும் இராக்கில் வெவ்வேறு குழுவினர் தனித்தனியே பெரும் கணக்கெடுப்புகளை நடத்தினர். அவை அனைத்தும் 1990-களைப் பின்னோக்கிப் பார்த்தன. ஒன்றிலேனும் அந்தப் பேரேற்றம் தென்படவில்லை. 1991-ஐ ஒட்டிய குறுகிய உயர்வைத் தவிர, இறப்பு வீதம் ஆயிரத்துக்கு நாற்பதையொட்டியே நின்றது. இறந்த குழந்தையைத் தாய் மறந்திருக்கலாமே என்று ஒருவர் தடை எழுப்பலாம். ஓரிருவர் சொல்லாமல் விடக்கூடும். ஆனால் மூன்று கணக்கெடுப்புகளிலும், நாடெங்கும், அந்த ஒரு பத்தாண்டில் மட்டும், இறந்த குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோரைத் தாய்மார் ஒருசேர மறந்தனர் என்று கொள்வதற்கு இடமில்லை.

இதனை மைக்கேல் ஸ்பகட் என்னும் பொருளியலறிஞர் 2010-இல் எழுதினார். டிம் டைசன், வலேரியா செத்தொரெல்லி ஆகிய மக்கள்தொகை அறிஞர் இருவர் 2017-இல் முழுமையாக ஆராய்ந்து, 1999 கணக்கெடுப்பின் தரவுகள் இராக் அரசால் திட்டமிட்டுத் திரிக்கப்பட்டவை என்று முடிவுகட்டினர். 1995 கணக்கெடுப்பின் கதை இன்னும் முன்னதாகவே முடிந்திருந்தது. அதில் பங்கேற்ற சாரா ஸைதி என்பவர் மறு ஆண்டே பாக்தாதுக்குத் திரும்பிச் சென்று, முன்பு விடையளித்த தாய்மார் சிலரை மீண்டும் கண்டார். முன்பு பதிவான இறப்புகள் பல உறுதிப்படவில்லை. 1997-இல் அதே லான்செட் இதழில் அதனை அவர் வெளிப்படையாக எழுதினார். முன்னதைப் பரப்பிய உலகம் பின்னதைப் படிக்கவில்லை. நம் மேடைகளிலும் இதழ்களிலும் ஒலித்தது ஐந்து இலட்சம் என்னும் எண்ணே; அம்மையாரின் திருத்தக் கடிதம் ஒலிக்கவில்லை. ஆய்வு அறம் என்றால் என்னவென்று கேட்கும் மாணவருக்கு நாம் முதலில் சொல்வது இவர் பெயரைத்தான்.

பொய்யெண்ணாயினும் நன்மைதானே விளைந்தது என்பார் உளர். அவர் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தடையின் கொடுமையைக் கண்டு ஐ.நா.வின் மனிதநேய ஒருங்கிணைப்பாளர் டெனிஸ் ஹாலிடே 1998-இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000-இலும் பதவி துறந்தனர். பெல்ஜிய அறிஞர் மார்க் பொஸ்ஸைட் 2000-இல் ஐ.நா. மனித உரிமைத் துணை ஆணையத்துக்கு அளித்த அறிக்கை, அத்தடை சட்டத்துக்கு மாறானது என்றே உரைத்தது. முழுத் தடையைக் கைவிட்டு, ஆட்சியாளரின் சொத்தையும் ஆயுதத்தையும் மட்டும் குறிவைக்கும் இலக்குத் தடைகளுக்கு ஐ.நா. மாறியது. இம்மாற்றத்தில் அந்த எண்ணுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புகிறோம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2010 ஜனவரியில் சில்காட் விசாரணைக் குழுவின் முன் அமர்ந்த டோனி பிளேர், தாம் தொடுத்த போருக்கு நியாயம் கற்பித்தபோது, 2000-களின் தொடக்கத்தில் இராக்கில் ஆயிரத்துக்கு 130 குழந்தைகள் இறந்துகொண்டிருந்தனர், இன்று அது 40-ஆகக் குறைந்துவிட்டது என்று சான்று காட்டினார். தடையை எதிர்த்தவர்கள் ஏந்திய அதே எண் படையெடுத்தவரின் கையில் கேடயமாயிற்று! சதாம் அரசு புனைந்த எண்ணைச் சதாமை வீழ்த்தியவரே தமக்குச் சாதகமாக எடுத்தாண்டார். பொய்யெண்ணுக்கு உடையவர் இல்லை. எடுத்தவர் யாவரும் ஆளலாம்.

இவ்வாறு புனைந்தவர்கள் ஒரு தரப்பார் மட்டுமல்லர். 1990 அக்டோபரில் குவைத்துச் சிறுமி ஒருத்தி அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் குழு ஒன்றின் முன், மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளை இராக்கியப் படையினர் தொட்டிலிலிருந்து எடுத்தெறிந்ததாகக் கண்ணீருடன் சாட்சி சொன்னாள். அவள் அமெரிக்காவிலிருந்த குவைத்துத் தூதரின் மகள் என்பது 1992-இல்தான் வெளியாயிற்று. அச்செய்திக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2006-இல் லான்செட் வெளியிட்ட மற்றொரு கணக்கெடுப்பு, படையெடுப்பால் இறந்தவர் ஏறத்தாழ 6,55,000 என்றது. உலக சுகாதார நிறுவனமும் இராக் அரசும் அதனினும் பன்மடங்கு குடும்பங்களில் நடத்திய கணக்கெடுப்பு, அதே காலத்தில் வன்முறையால் இறந்தவர் 1,51,000 என 2008-இல் கண்டது. ஒன்றரை இலட்சம் உயிர்! ஒரு போரைக் குற்றம் என்று சொல்வதற்கு இது போதாதென்றா ஆறரை இலட்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

சட்ட அறிஞரின் பிழை இங்கேதான் தொடங்குகிறது என்பது நம் கருத்து. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஐ.நா. குழு 1997-இல் வெளியிட்ட எட்டாம் பொதுக் கருத்துரை, தடை விதிப்போர்க்கும் அந்நாட்டு மக்களின் உரிமைகள்பால் கடமை உண்டு என்று தெளிவாக்கியது. அக்கடமை ஐந்து இலட்சம் என்னும் எல்லையைத் தாண்டினால் மட்டும் பிறப்பதன்று. குடிநீரின்றி ஓர் ஊர் நோயுறுமாயினும் அது பிறக்கிறது. ஆகவே முழுத் தடைக்கு எதிரான வாதம் அந்த எண் இல்லாமலேயே நின்றிருக்கும். அதன்மேல் ஏற்றி வைத்ததால், எண் சாய்ந்தபோது வாதமும் சாய்ந்ததாகத் தோன்றிற்று. 2022 டிசம்பரில் பாதுகாப்பு மன்றம் 2664-ஆம் தீர்மானத்தால், ஐ.நா.வின் சொத்து முடக்கத் தடைகள் அனைத்திலும் மனிதநேய உதவிக்கு விலக்களித்தது. பதினான்கு நாடுகள் ஆதரித்தன. இந்தியா மட்டும் வாக்களிக்காது விலகி நின்றது.

அறிவிப்பாளர் தொடர்

அறிவிப்பைச் சோதித்து ஏற்பது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. திருமறையின் நாற்பத்தொன்பதாம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத்தின் ஆறாம் வசனம், தீயவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கப் பணிக்கிறது. விசாரியாமல் அறியா மக்களுக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேரும் என எச்சரிக்கிறது. ஹதீஸ் கலை வல்லோர் இதனைப் பெரியதோர் ஆய்வு நெறியாகவே வளர்த்தெடுத்தனர். செய்தியின் வாசகமாகிய மத்ன் ஒருபுறம். அதனைக் கொண்டுவந்த அறிவிப்பாளர் தொடராகிய இஸ்னாத் மறுபுறம். ஒவ்வொரு அறிவிப்பாளரும் எங்கு வாழ்ந்தார், யாரைச் சந்தித்தார், நினைவாற்றல் எத்தகையது, நேர்மை எத்தகையது என்று ஆராய அஸ்மாவுர் ரிஜால் என்னும் தனிக்கலையே தோன்றியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புகழை உயர்த்தும் செய்தியாயினும், தொடர் பழுதுபட்டிருந்தால் அதனைத் தள்ளினார்கள் அம்முன்னோர். நம் பக்கத்துக்கு உகந்த செய்தியைக் கூடுதலாகச் சோதிக்கும் துணிவு இதுவே.

1999 கணக்கெடுப்பை அக்கலையின் கண்கொண்டு நோக்குக. அறிவிப்பாளர் தொடரில் நடுவே நின்றவர்கள் யார்? தடை நீங்குவதில் நேரடி நலன் கொண்ட அரசின் ஊழியர்கள். தொடர் அங்கேயே ஐயத்துக்கிடமாயிற்று.

நாடுகளுக்கிடையிலான நெறியையும் நம் முன்னோர் அவ்வாறே ஆராய்ந்தனர். ஹிஜ்ரி 189-இல், அதாவது கி.பி. 805-இல் மறைந்த இமாம் முஹம்மத் இப்னுல் ஹஸன் அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்கள் ‘ஸியர்’ என்னும் துறையில் இயற்றிய நூல்கள், ஹ்யூகோ குரோஷியஸ் 1625-இல் எழுதிய நூலுக்கு எட்டு நூற்றாண்டு முந்தியவை. ஸியர் என்ற சொல்லே நடத்தை என்னும் பொருளினின்று கிளைத்தது. போரிலும் உடன்படிக்கையிலும் முன்னோர் நடந்துகொண்ட முறையே அத்துறையின் மூலப்பொருள். 1908-இல் ஹைதராபாதில் பிறந்து 2002-இல் மறைந்த டாக்டர் முஹம்மத் ஹமீதுல்லாஹ் இத்துறையை நம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்தவர். நபிகளார் காலத்திலும் நேர்வழிக் கலீஃபாக்கள் காலத்திலும் எழுதப்பெற்ற கடிதங்களையும் உடன்படிக்கைகளையும் தேடித் தொகுத்து, ஒவ்வொன்றும் எந்நூலில் எவ்வாறு வருகிறது என்று ஒப்பிட்டு, ‘அல்வஸாயிகுஸ் ஸியாஸிய்யா’ என்னும் பெருந்தொகுப்பாக வெளியிட்டார். இஸ்லாமியப் பன்னாட்டுச் சட்டத்தைப் பற்றி முழக்கமிடுவோர் நம்மிடையே மிகப் பலர். ஆவணத்தை எண்ணிட்டு அடுக்கியவரைக் கைவிரல் கொண்டு எண்ணிவிடலாம்.

காஸாவில் எண்ணியவர்கள்

2023 டிசம்பர் 29-இல் தென்னாப்பிரிக்கா, இஸ்ரேலுக்கு எதிராக இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2024 ஜனவரி 26-இல் நீதிமன்றம் இடைக்கால ஆணைகள் பிறப்பித்தபோது, காஸாவில் 25,700 பேர் கொல்லப்பட்டதாகக் கிடைத்த தகவலைச் சுட்டியது. அத்தகவலைத் தனியே சரிபார்க்க இயலவில்லை என்பதையும் சேர்த்தே எழுதியது. இனப்படுகொலை என்னும் குற்றம் இறந்தோர் எண்ணிக்கையால் மட்டும் நிறுவப்படுவதன்று. அழிக்கும் நோக்கமே அதன் உயிர்க்கூறு. எனினும் எண்ணைப் பற்றிய ஐயம் உலகெங்கும் எழுப்பப்பட்டது. காஸாவின் சுகாதார அமைச்சகம் ஹமாஸின் கீழ் உள்ளது, ஆகவே அதன் கணக்குப் பொய் என்றனர்.

அறிவிப்பாளரை ஐயுறுவது முறையே. இராக்குக்கு ஒரு நீதி, காஸாவுக்கு ஒரு நீதி என்று நாம் கூறமாட்டோம். ஆனால் ஐயத்தோடு நின்றுவிடுவது ஆய்வாகாது. அமைச்சகம் வெளியிட்டது வெறும் கூட்டுத்தொகை அன்று. பெயர், வயது, பாலினம், அடையாள எண் ஆகியவற்றோடு கூடிய பட்டியல் அது. பட்டியலாயின் சோதிக்கலாம். இலண்டன் அறிஞர்கள் சிலர் மூன்று பட்டியல்களை ஒப்பிட்டனர்: மருத்துவமனைப் பதிவு, குடும்பத்தார் இணையவழி நிரப்பிய படிவம், சமூக ஊடகங்களில் வந்த இரங்கல் அறிவிப்பு. ஒரே பெயர் எத்தனை பட்டியல்களில் வருகிறது என்று கண்டால், எதிலும் வராதவர் எத்தனை பேர் இருப்பர் என்பதைக் கணிக்க இயலும். ஏரியில் மீனைப் பிடித்து அடையாளமிட்டு விட்டு, மீண்டும் வலை வீசி, அடையாளமிட்டவை எத்தனை சிக்கின என்பதைக் கொண்டு மொத்த மீனை மதிப்பிடும் அதே கணக்கு. 2025 ஜனவரியில் லான்செட் அதை வெளியிட்டது. 2024 ஜூன் முடிய அமைச்சகம் கூறியது 37,877. ஆய்வு கண்டது 64,260. அமைச்சகம் மிகைப்படுத்தவில்லை; குறைவாகவே எண்ணியிருந்தது.

மற்றோர் ஆய்வும் வந்தது. ரமல்லாவைச் சேர்ந்த கலீல் ஷிகாகியின் ஆய்வு நிறுவனத்தார் காஸாவுக்குள்ளேயே 2,000 குடும்பங்களை நேரிற் கண்டு விவரம் கேட்டனர். 2025 ஜனவரி 5 வரை வன்முறையால் இறந்தவர் ஏறத்தாழ 75,200 என்னும் மதிப்பீடு அவ்வாண்டு ஜூன் மாதத்தில் முன்வெளியீடாக வந்தது. அவ்வாய்வை முன்னின்று நடத்தியவர் மைக்கேல் ஸ்பகட். இராக்கின் ஐந்து இலட்சத்தை மறுத்த அதே ஸ்பகட். 2006-இன் ஆறரை இலட்சத்தையும் மறுத்தவர் அவரே. அன்று அவரை மேலை நாட்டாரின் ஊதுகுழல் என்று ஏசியிருந்தால், இன்று அவர் சொல்லை எந்த வாயால் எடுத்தாள்வது? அன்று அவரை மெச்சியவர்களும் இன்று அதே சங்கடத்தில்தான் உள்ளனர்.

எண்ணில் அடங்காதவையும் உண்டு என்பதை நாம் அறிவோம். சாலி எங்கிள் மெர்ரி என்னும் மானிடவியலறிஞர், மனித உரிமையை அட்டவணைகளாகக் குறுக்கும் போக்கைக் கண்டித்து 2016-இல் ஒரு நூலே எழுதினார். நேர்காணலும் நெடுநாள் உடனுறைந்து காண்பதும் எண்ணுக்கு இணையான முறைகளே. ஆயினும் நம் மாணவர்க்கு இப்போது தேவைப்படுவது எண்ணுக்கு எதிரான எச்சரிக்கையைக் காட்டிலும் எண்ணும் பயிற்சியே என்று கருதுகிறோம்.

அதற்குத் திஹேக் நகருக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் மஹல்லா ஜமாஅத்துகள் பலவற்றில் ஜனாஸா பதிவேடுகள் உள்ளன. சிலவற்றில் பெயரும் நாளும் மட்டும். சிலவற்றில் தந்தை பெயர், வயது, தெரு, இறப்பின் காரணம் வரை. 2020, 2021 ஆகிய கொள்ளைநோய் ஆண்டுகளின் பக்கங்களை அவற்றிற்கு முந்தைய ஐந்தாண்டுகளின் பக்கங்களோடு ஒப்பிட்டால், ஊரில் உண்மையில் எத்தனை பேர் கூடுதலாக மறைந்தனர் என்பது ஓரளவு தெரியவரும். முத்தவல்லிகளின் இசைவு பெற்று, தனியாரின் பெயரை வெளியிடாமல், நகராட்சியின் இறப்புப் பதிவோடு ஒப்பிட்டு, இரண்டிலும் இல்லாதவர் எத்தனை பேர் என்று கணிக்கும் பணியை முதுகலை இரண்டாமாண்டு மாணவர் நால்வர் ஒரு பருவத்தில் செய்துவிட முடியும். வினாநிரலைத் தமிழ்த்துறை வகுக்கலாம். பழைய பதிவேடுகளில் வரும் அரபுத் தமிழ்க் குறிப்புகளைப் படித்துத்தர அரபுத்துறையினர் இருக்கின்றனர்.